செப்பனிடத் தகாத துப்பாக்கி

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் செல்லும் சாலையில் சந்தவாசல் வருகிறது. அங்கிருந்து மேற்கே திரும்பினால் சம்புவராயர்களின் படைவீடு. அதற்கும் அப்பால் ஜவ்வாது மலை. கிழக்கே ஆரணி. ஆரணி என்றதும் நம் நினைவுக்கு வருவது பட்டுப்புடவை. ஆனால் இந்த வட்டாரத்தில் தறியோசைக்கு நடுவே வெடியோசையும் கேட்டிருக்கிறது என்பதை, முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் அறியக் காரணமில்லை. 1751 டிசம்பர் 3 அன்று, ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட ராபர்ட் கிளைவ், முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படைத் துணையோடு, சந்தா சாகிபின் மகன் ரசா சாகிபையும் அவருக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையையும் ஆரணியருகே தோற்கடித்தார். முப்பதாண்டுகள் கழித்து, 1782 ஜூன் 2 அன்று, அதே ஆரணியில் அயர் கூட்டின் படையும் ஹைதர் அலியின் படையும் மோதின. ஹைதரின் பண்டகசாலை அங்கே இருந்ததே அந்த மோதலுக்குக் காரணம்.

இந்த இரு போர்களிலும் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் புழங்கின. அவற்றைச் செய்த, செப்பனிட்ட கொல்லர்கள் இருந்தார்கள். போர்கள் முடிந்தபின் அவற்றில் பல ஊர்களுக்குள், மலைகளுக்குள் போய், பயிர்க்காவலுக்கும் வேட்டைக்கும் பயன்பட்டிருக்க வேண்டும். அவை எங்கே போயின? தமிழகத்தின் பழைய துப்பாக்கிகளுக்கு என்ன நேர்ந்தது?

வாளுக்கும் வில்லுக்கும் இந்தக் கேள்வி எழுவதில்லை. ஜவ்வாது மலையின் மறுபுறம், செங்கம் வட்டாரத்தில், பல்லவர் கால நடுகற்கள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. தொறு மீட்டுப் பட்டவன் வில்லோடும் வாளோடும் கல்லில் நிற்கிறான். சிம்மவர்மன், மகேந்திரவர்மன் காலத்து எழுத்துகளோடு அவன் இன்றும் வழிபடப்படுகிறான். ஆயுதம் துருப்பிடித்து மண்ணாகிவிட்டாலும் அதன் உருவம் கல்லில் இருக்கிறது. துப்பாக்கிக்கு அந்தப் பேறு பெரும்பாலும் வாய்க்கவில்லை. அது நம்மிடம் வந்துசேர்ந்தது தாமதமாக. வந்த சில நூற்றாண்டுகளுக்குள்ளேயே அதை வைத்திருப்பது குற்றமாகிவிட்டது.

ஆனால் மொழியில் அது நன்றாகவே வேர்பிடித்திருந்தது. துருக்கியச் சொல்லான துஃபெக் பாரசீகம், இந்துஸ்தானி வழியாக வந்து தமிழில் துப்பாக்கியாகி, தெலுங்கிலும் கன்னடத்திலும் துபாகியாகி, கடல் கடந்து சிங்களத்தில் துவக்குவ ஆயிற்று. (ஈழத்தமிழரின் துவக்கு என்ற சொல்லும் இதே குடும்பம்தான்.) பெயர் அயலது, ஆனால் உறுப்புகளுக்குப் பெயர் வைத்தவர்கள் உள்ளூர்க் கொல்லர்கள். விசையை இழுத்ததும் பாய்ந்துவிழும் பாகம் குதிரை. மருந்தை இடித்துக் கெட்டிக்கும் கம்பி கஜக்கோல். தீப்பற்றவைக்கும் நுண்மருந்து இரஞ்சகம். சிறு ஈயமணி ரவை. வெடியுப்பு, கந்தகம், கரி என்று மருந்தின் மூன்று சரக்குகளுக்கும் தமிழிலேயே பெயர் உண்டு. ஒரு கருவியை அடிக்கடி கழற்றிப் பூட்டுகிற கைகள் இருந்தால்தான் இத்தனை சொற்கள் உருவாகும். இன்று பொருளும் இல்லை, கையும் இல்லை. அகராதியில் சொற்கள் மட்டும் இருக்கின்றன.

முதல் வெட்டு 1801-இல் விழுந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் (ஆரணிப் போரில் வென்றவரின் மகன்தான்) தென்னாட்டுப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து அறிக்கை வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட்டன. துப்பாக்கியும் ஈட்டியும் ஒப்படைக்கப்பட்டன. பாஞ்சாலங்குறிச்சி உழப்பட்டதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஒப்படைக்கப்பட்ட ஆயுதங்களைச் செய்த உலைக்களங்கள் அணைந்ததைப் பற்றிப் பேசியதில்லை.

அடுத்தது தஞ்சாவூர். இதை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தென்னிந்திய ஆயுத வரலாற்றில் இதைவிட மனவருத்தம் தரும் நிகழ்ச்சி வேறில்லை என்பது என் எண்ணம். 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்ததும் தஞ்சை மராட்டிய அரசு முடிந்தது. அரண்மனை ஆயுதசாலையில் நாயக்கர் காலம் தொட்டுச் சேர்ந்தவை குவிந்து கிடந்தன: கட்டாரிகள், வாள்கள், யானை அங்குசங்கள், துப்பாக்கிகள். 1860-களின் தொடக்கத்தில் அவற்றில் தெரிந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. எஞ்சியவை, அதாவது பெரும்பகுதி, உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. இதைப் பதிவு செய்தவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய எம். ஜே. வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி. 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் 1878-இல் தஞ்சை ஆயுதசாலையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இல்லையென்றால், எதை இழந்தோம் என்பதுகூட நமக்குத் தெரிந்திருக்காது. தப்பியவற்றை அடிப்படையாகக் கொண்டுதான் ராபர்ட் எல்குட் 2004-இல் இந்து ஆயுதங்களும் சடங்குகளும் பற்றிய தன் பெருநூலை எழுதினார். எஞ்சிய சிறுபகுதியே ஒரு பெருநூலுக்குப் போதுமானதாக இருக்கிறது என்றால், எடைக்குப் போனது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கலாம்.

வால்ஹவுஸ் எழுதிய அதே 1878-இல்தான் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டமும் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விலக்கு. இச்சட்டம் ஏற்படுத்திய மனக்காயம் இன்று நமக்குப் புரிவதில்லை. 1887 டிசம்பரில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய மூன்றாவது காங்கிரசில் இதைக் குறித்துக் கடும் விவாதம் நடந்தது. இளைஞரான பிபின் சந்திர பால் சட்டத்துக்கு எதிராகப் பேசினார். பேசப்பட்டது போர் செய்வதைப் பற்றி அல்ல; நம்பப்படாமல் இருப்பதன் அவமானம் பற்றி.

இந்தச் சட்டத்தின் நிழலில்தான், நாம் இன்று 'தாத்தாவின் துப்பாக்கி' என்று சொல்லும் பொருள் பிறந்தது. உரிமம் பெற்ற ஜமீன்தார், மிராசுதார், வக்கீல், கிராம முன்சீப் ஆகியோர் வாங்கியது உள்ளூர்க் கொல்லன் செய்ததை அல்ல. பர்மிங்காமிலோ பெல்ஜியத்தின் லியேஜிலோ செய்யப்பட்டு, சென்னை மவுண்ட் ரோட்டுக் கடைகள் வழியாக வந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை. கடிகாரத்துக்குப் பெயர்பெற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றது; ஓக்ஸ் நிறுவனமும் அப்படியே. பெரும்பாலும் பன்னிரண்டு போர். (குழலின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பது கணக்கு, ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர்.) மலையில் வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினரிடமோ வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி தொடர்ந்தது. சமவெளியின் துப்பாக்கி அந்தஸ்தின் சின்னம். மலையின் துப்பாக்கி சாமைக் கொல்லைக்குள் இறங்கும் காட்டுப்பன்றியின் பகை. இரண்டும் இன்று பரணிலோ காவல்நிலையத்திலோ துருவேறிக் கிடக்கின்றன.

அப்படி ஒன்று கையில் கிடைத்தால் அதைப் புதுப்பிக்கலாமா?

இங்கே நாம் ஜிம் கார்பெட்டைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். சிறுவன் கார்பெட்டுக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி, வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல். அளவு மீறி மருந்திட்டதால் வலக்குழல் பிளந்துபோயிருந்தது; முறிந்த கட்டையைப் பித்தளைக் கம்பியால் குழலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மிஞ்சிய இடக்குழலை வைத்துக்கொண்டு அவர் காட்டைக் கற்றதை 1953-இல் வெளிவந்த 'ஜங்கிள் லோர்' நூலில் சொல்கிறார். படிக்க இன்பமான பகுதி. ஆனால் பின்பற்றத்தக்கது அல்ல. அந்தப் பிளந்த வலக்குழல்தான் நாம் கவனிக்க வேண்டிய பாடம்.

பழைய துப்பாக்கியைச் செப்பனிடுவோர் முதலில் செய்வது துடைப்பதல்ல, அளப்பது. வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கியாக இருந்தால் கஜக்கோலை மெல்ல உள்ளே விட்டு, அது எங்கே தட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, வெளியே குழலோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள். இரு அளவும் பொருந்தவில்லை என்றால் உள்ளே மருந்தும் ரவையும் இருக்கின்றன என்று பொருள். கடைசியாகக் கெட்டித்தவர் சுடாமலேயே சுவரில் சாய்த்துவிட்டுப் போய், இரண்டு தலைமுறை கடந்திருக்கலாம். ஈரம் படாத கரிமருந்துக்கு மூப்பு இல்லை. நூறாண்டு கழித்தும் வெடிக்கும். அந்த நிலையில் அதைத் தொடவேண்டியவர் உரிமம் பெற்ற வல்லுநர் மட்டுமே.

அடுத்தது துரு. இங்கேதான் ஆர்வக்கோளாறு பெருங்கேடு செய்கிறது. பழைய குழலில் தெரியும் பழுப்பு நிறம் எல்லாமே நோய் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பாக்கித் தொழிலாளிகள் குழலின் மேல் வேண்டுமென்றே துருவை வரவழைத்தார்கள். உப்புக்கரைசல் பூசி, ஈரக்காற்றில் வைத்து, மெல்லிய துரு படர்ந்ததும் தேய்த்து, மறுபடி பூசி, இப்படிப் பல நாட்கள். இதில் கிடைக்கும் பழுப்பு, இரும்பைக் காக்கும் போர்வை. இதே துருவை வெந்நீரில் கொதிக்கவைத்தால் கருநீலமாக மாறும். 'டமாஸ்கஸ்' எனப்படும் முறுக்குக் குழல்களில் இந்த நிறமே அழகு. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, தண்டின் மேல் சுற்றி, காய்ச்சி அடித்துச் செய்த குழல் அது. இரு உலோகமும் வேறுவேறு அளவில் நிறமேறும்போதுதான் கோலம் போன்ற வரிகள் தெரியும். உப்புத்தாள் கொண்டு பளபளவென்று தேய்த்தால், தொழிலாளியின் பல நாள் உழைப்பு அரைமணியில் போய்விடும். கூடவே, குழலின் அடியில் பொறித்த சோதனை முத்திரைகளும் தேய்ந்துபோகும். துப்பாக்கிக்கு அவைதான் கல்வெட்டு. (பெயரைப் பார்த்துவிட்டு இதை நம் சேலத்து உருக்கின் மகிமை என்று முழங்குவோர் உண்டு. பழைய டமாஸ்கஸ் வாளுக்கு நம் நாட்டு உருக்கு போனது உண்மை. துப்பாக்கிக் குழலின் முறுக்குவேலை வேறு தொழில்.)

செந்நிறமாகப் பொடிந்து உதிரும் துரு வேறு வகை. அதை அடக்கத்தான் வேண்டும். அருங்காட்சியக வல்லுநர்கள் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று டானிக் அமிலம். இரும்புத் துருவோடு அது சேர்ந்து கரிய, அசையாத ஒரு படலமாகிவிடும். இது நெசவூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. கடுக்காயில் இருப்பது இந்த டானின்தான். கடுக்காய்ச் சாறும் இரும்பும் கூடினால் கருமை பிறக்கும் என்பது பழைய சாயக்காரர்களின் பாலபாடம். பின்னாளில் மை காய்ச்சியவர்களுக்கும் தெரிந்த வேதியியல் இது.

குழலின் உள்ளே தேங்கிய கசடுக்கு எண்ணெய் உதவாது. கரிமருந்தின் எச்சமும், பழைய கேப்பு வெடித்தபின் எஞ்சும் உப்பும் நீரில்தான் கரையும். அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்பவை. எனவே வெந்நீரால் கழுவி, முற்றிலும் உலர்த்தி, அதன்பின் இயந்திர எண்ணெய். சமையலறை எண்ணெய் எதுவும் கூடாது. காறிப்போனால் அதுவே அமிலம். கட்டை பெரும்பாலும் வால்நட் மரம். பல பத்தாண்டுகளாக உள்ளே இறங்கிய எண்ணெயால் அது கறுத்துப் பஞ்சாகியிருக்கும். சுண்ணப்பொடியைக் குழைத்து அப்பி அந்த எண்ணெயை உறிஞ்சவிட்டு, பிறகு ஆளிவிதை எண்ணெயை ஒவ்வொரு துளியாக உள்ளங்கையால் தேய்த்து ஏற்றுவார்கள். வார்னிஷ் அடித்து முடித்துவிடுகிறவர்களை என்னவென்று சொல்வது! திருகுகளும் அப்படியே. நல்ல துப்பாக்கியில் ஒவ்வொரு திருகுக்கும் தனித் துளை, தனி இருக்கை. இடம் மாற்றிப் பூட்டினால் வெட்டுக்கோடு ஒரே திசையில் நிற்காது. இரட்டைக்குழலில் இன்னொரு சிக்கல், குழல்கள் ஈயப்பற்றால் இணைக்கப்பட்டவை. கொதிக்கும் காரக்கரைசலில் முக்கி நிறமேற்றும் இன்றைய சுருக்குவழியில் அந்தப் பற்று அரித்துப்போய்க் குழல்கள் பிரிந்துவிடும்.

இவ்வளவும் செய்து முடித்தபின், அதைச் சுட்டுப்பார்க்கும் ஆசை வரும். வரக்கூடாத ஆசை அது. கரிமருந்துக்குச் செய்த குழலில் புகையிலா மருந்துத் தோட்டாவை இட்டால் அழுத்தம் தாங்காது போகலாம். முறுக்குக் குழலின் இணைப்புகளுக்குள் துரு எங்கே புகுந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டா 70. உள்ளே போகும், மூடியும்விடும். வெடிக்கும்போதுதான் அதன் வாய் விரிய இடமில்லை என்பது தெரியவரும். பிரிட்டனில் இதற்காகவே அரசாணை பெற்ற சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. பர்மிங்காம் கூடம் 1813-லிருந்து செயல்படுகிறது. அங்கு தேறாத குழலை விற்பதே குற்றம்.

இனி சட்டம். என் பார்வையில் கதையின் மையம் இதுதான். விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சில விலக்குகளைத் தருகிறது. அவற்றில் ஒன்று: வழக்கொழிந்த அமைப்பிலான, தொன்மை மதிப்புள்ள, அல்லது பழுதுற்ற ஆயுதம், செப்பனிட்டாலும் செப்பனிடாவிட்டாலும் சுடும் கருவியாகப் பயன்படுத்த முடியாததாக இருந்தால், அதற்கு இச்சட்டம் பொருந்தாது. ஒருமுறைக்கு இருமுறை படிக்கவேண்டிய வாசகம். தொன்மை மட்டும் போதாது. பழுது மட்டும் போதாது. செப்பனிட்டாலும் தேறாது என்ற நிலையை அது எட்டியிருக்க வேண்டும். உயிர்ப்பிக்க வாய்ப்புள்ள வரை அது ஆயுதம்; வாய்ப்பே இல்லை என்றானபின் அது நினைவுப்பொருள். உரிமமின்றித் துப்பாக்கியைச் செப்பனிடுவதே அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி குற்றம். ஆக, அக்கறையோடு பேணிய குடும்பம் சட்டத்தின் வலைக்குள் நிற்கிறது. மழையில் போட்டு நாசமாக்கிய குடும்பம் வெளியே நிற்கிறது. சட்டத்தைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நாட்டுத் துப்பாக்கி எத்தனை உயிரைக் குடிக்கிறது என்பதை மலையோர ஊர்க்காரர்கள் அறிவார்கள். துப்பாக்கி மலிந்த நாடுகளின் கதியையும் நாம் அன்றாடம் படிக்கிறோம். ஆயுதக் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வரலாற்றுப் பொருளையும் கொலைக்கருவியையும் பிரிக்கும் கோடு நாசம் ஒன்றாகத்தான் இருக்கவேண்டுமா?

மற்ற சட்டங்களும் சேர்ந்துகொண்டன. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டையை முடித்துவைத்தன, நல்லதே. அதோடு வேட்டைத் துப்பாக்கிக்கு வேலையும் முடிந்தது. 2019 டிசம்பர் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக்காரர் இறந்தால், வாரிசு தன் பெயருக்கு உரிமம் பெறவேண்டும். இல்லையேல் காவல்நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். வெளியூரில் வேலையிலிருக்கும் மகனோ மகளோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் நடக்க விரும்புவதில்லை. குறித்த காலத்துக்குள் யாரும் மீட்காவிட்டால் அது அரசுடைமையாகும். அதன்பிறகு உலைக்களம்தான். தஞ்சையில் ஒரே மூச்சில் நடந்தது இப்போது மாவட்டந்தோறும் ஒவ்வொன்றாக நடக்கிறது.

குடகில் நிலைமை வேறு. 1861 முதல் குடவர்களுக்கு வெள்ளையர் அளித்த விலக்கு இன்றும் தொடர்கிறது. 2019-இல் மத்திய அரசு அதை மேலும் பத்தாண்டு நீட்டியது. செப்டம்பரில் வரும் கைல்போதுப் பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடுகிறார்கள். அங்கே பழைய துப்பாக்கிகள் பேணப்படுகின்றன. பேணத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. நம் ஆயுத பூஜையில் துப்பாக்கிக்கும் சந்தனம் வைத்த வீடுகள் இருந்தன; இன்று மிக்சிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வைக்கிறோம். குடகின் விலக்கை இங்கும் கேட்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். அது விசுவாசத்துக்குக் காலனி அரசு கொடுத்த பரிசு. அதை முன்மாதிரியாக்குவது பொருந்தாது. நாம் கேட்கவேண்டியது சிறியது. ஒப்படைக்கப்படும் துப்பாக்கிகளை உருக்குமுன் தொல்லியல் துறையினரோ அருங்காட்சியகத்தாரோ ஒருமுறை பார்க்கவேண்டும். செய்தவர் பெயர், முத்திரை, குழலமைப்பு, எந்த ஊரிலிருந்து வந்தது ஆகியவற்றைக் குறித்துப் படமெடுக்கவேண்டும். தக்கவற்றைச் சுட இயலாதபடி முடக்கி மாவட்ட அருங்காட்சியகங்களில் வைக்கவேண்டும். உள்ளூர்க் கொல்லன் செய்த மலைத் துப்பாக்கிக்கு இதில் முதலிடம் தரவேண்டும் என்பேன். பர்மிங்காம் துப்பாக்கிக்குப் பர்மிங்காமிலேயே பதிவேடு இருக்கிறது. ஜவ்வாது மலைக் கொல்லனின் வேலைக்கு அது ஒன்றே சான்று.

சந்தவாசல், போளூர், ஆரணிப் பக்கம் யாருடைய வீட்டுப் பரணிலாவது பழைய துப்பாக்கி இருந்தால், துணியை எடுப்பதற்கு முன் காவல்நிலையத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ அதன் நிலையை முறைப்படுத்திக்கொள்ளுங்கள். அதோடு கட்டாயம் ஒரு பழைய உரிமப் புத்தகமும் இருக்கும்: தாத்தாவின் பெயர், தகப்பன் பெயர், ஊர், என்ன காரணத்துக்காக உரிமம், எத்தனை தோட்டா வாங்கினார், ஆண்டுதோறும் புதுப்பித்த அதிகாரியின் கையெழுத்து. துப்பாக்கியை ஒப்படைக்கும்போது பலர் அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள்.